மலேசியா ஆபீஸ் வாசலில் வாழைமரம்

பாரூர்
8-6-2003

அன்புத் தம்பி மாதவனுக்கு,

அக்கா பொற்கொடி எழுதுவது. இங்கே நானும் மாமாவும் சத்யப்ரியாவும் சுகம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? பொங்கலுக்கு வந்தபோது கன்னம் ஒட்டிப் போயிருந்தது. சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும். கம்ப்யூட்டர் எங்கேயும் ஓடிப் போகாது, வேளாவேளைக்குச் சாப்பிடு.

மாமா வெல்டிங் வேலை பார்த்த சூளகிரி கம்பெனியைப் போன மாதம் பூட்டிவிட்டார்கள். பன்னிரண்டு வருஷம் ஓடிய மனுஷன், இப்போது காலையில் ஏரிக்கரைக்குப் போனால் மத்தியானம்தான் வருகிறார். வீட்டில் பேச்சே இல்லை. குழம்பில் உப்பு இல்லை என்று சொல்லக்கூட வாய் திறக்காமல் சாப்பிட்டு எழுந்திருக்கிறார். எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

இப்போது மலேசியாவுக்குப் போகிறேன் என்கிறார். போன் பூத் வைத்திருக்கிற செல்வம் ஆள் சேர்க்கிறான். "கம்பெனி நெசந்தான்னு எப்படிடா தெரியும்?" என்று கேட்டேன். "என்னாக்கா இப்படிக் கேக்கறீங்க, வெப்சைட்டே இருக்குது" என்றான். அங்கே நின்றவர்கள் எல்லாரும் தலையை ஆட்டினார்கள். நானும் ஆட்டிவிட்டு வந்தேன். ஒன்றும் விளங்கவில்லை.

என் தம்பி ஓசூரில் வெப்சைட் செய்கிறான் என்று ஊரெல்லாம் பெருமையடித்து வைத்திருக்கிறேன். அது என்ன, மிக்சி மாதிரியா டிவி மாதிரியா என்று ஒருத்தி கேட்டால் முழிக்கிறேன். எட்டாவது படித்தவளுக்குப் புரிகிற மாதிரி எழுது. போன் பண்ணாதே. போன் செல்வம் கடையில்தான், நான் பேசப் பேச அவன் காது நீளும். உன் கடைக்கு நான் பேசினாலோ உன் முதலாளிதான் எடுக்கிறார்.

உன் அக்கா,
பொற்கொடி


ஓசூர்
14-6-2003

அன்புள்ள அக்காவுக்கு,

மாதவன். நான் நன்றாக இருக்கிறேன். மெஸ்ஸில் மூன்று வேளையும் சாப்பிடுகிறேன், செவ்வாய்க்கிழமை களியும் உண்டு. கன்னம் அம்மா கொடுத்தது, எந்தச் சாப்பாட்டுக்கும் மசியாது. மாமா வேலை போனது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. சத்யப்ரியாவுக்கு எட்டாம் வகுப்புப் புத்தகம் வாங்கியாகிவிட்டதா?

நீ சுவர் என்று எழுதினாய், அதிலிருந்தே தொடங்குகிறேன். பாரூர் பஸ் ஸ்டாப் பக்கத்தில் ஒரு சுவர் இருக்கிறது. அதில் நோட்டீஸ் ஒட்டினால் பஸ்ஸுக்கு நிற்கிறவன் மட்டும் படிப்பான். அதே சுவரைக் கிருஷ்ணகிரியில் இருக்கிறவனும் சிங்கப்பூரில் இருக்கிறவனும் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்க முடிந்தால் எப்படி இருக்கும்? அதுதான் வெப்சைட்.

சுவர் எங்கே நிற்கிறது என்று கேட்பாய். ஏதோ ஒரு ஊரில், ராத்திரி பகல் அணைக்காமல் ஓடுகிற பெரிய கம்ப்யூட்டர் ஒன்றில் இருக்கிறது. அதில் நமக்குக் கொஞ்சம் இடம் வாடகைக்குக் கொடுப்பார்கள். வீட்டுக்குக் கதவு எண் மாதிரி ஒவ்வொரு வெப்சைட்டுக்கும் ஒரு விலாசம் உண்டு. ஒருத்தர் வாங்கிய விலாசம் இன்னொருத்தருக்குக் கிடைக்காது. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அந்த விலாசத்தைத் தட்டினால் டெலிபோன் ஒயர் வழியாக அந்தப் பக்கம் வந்து நம் முன்னால் நிற்கும். சில எழுத்துக்கள் நீலமாக, அடியில் கோடு போட்டு இருக்கும். அதை அமுக்கினால் வேறு பக்கம் திறக்கும்.

நான் செய்வது சுவரில் எழுதுகிற வேலை. படம் எங்கே, எழுத்து எங்கே, என்ன நிறம், எல்லாம் நான்தான். எழுதவும் அழிக்கவும் ஒரு ரகசியச் சொல் வேண்டும், அது தெரியாதவன் பார்க்கலாமே தவிர தொட முடியாது. எங்கள் கடையில் செய்த அத்தனை வெப்சைட்டின் ரகசியச் சொல்லும் என் நோட்டில்தான் இருக்கிறது. முதலாளிக்குக் கம்ப்யூட்டரை அணைக்க மட்டும்தான் தெரியும்.

செல்வம் சொல்கிற விலாசத்தை எழுதி அனுப்பு. திறந்து பார்த்துச் சொல்கிறேன்.

அன்புத் தம்பி,
மாதவன்


பாரூர்
22-6-2003

தம்பி மாதவனுக்கு,

ஆயுசோடு இரு. இங்கே எல்லாரும் சுகம், மழைதான் இல்லை. உன் கடிதத்தைப் பக்கத்து வீட்டுக் கருப்பாயிக்கும் படித்துக் காட்டினேன். "வாத்தியார் தோத்தாரு போ" என்றாள்.

எனக்கு விளங்கிவிட்டது. ஒருத்தருக்குக் கொடுத்த விலாசம் இன்னொருத்தருக்கு வராது, எங்கேயோ பெரிய கம்ப்யூட்டரில் பதிந்திருக்கிறது என்றால் பட்டா மாதிரிதானே? தாலுகா ஆபீசில் பேர் ஏறின மாதிரி. இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் செல்வத்திடம் அத்தனை கேள்வி கேட்டிருக்க மாட்டேன்.

கம்பெனி பேர் பொன்மேகம் ஓவர்சீஸ். விலாசத்தை நோட்டீசைப் பார்த்து சத்யப்ரியா இங்கிலீஷில் எழுதியிருக்கிறாள், கடிதத்தின் பின்பக்கம் பார். மாமா பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டார். பயணச் செலவுக்கு ஏரிப் பாய்ச்சல் அரை ஏக்கரை அடகு வைக்கப் போகிறார். அது போனால் நமக்கு வேறு நிலம் இல்லை என்பது உனக்கே தெரியும்.

நீ கம்ப்யூட்டர் படிக்கப் போனபோது "லேத்து பழகினாலாவது சோறு கெடைக்கும்" என்று சொன்ன மனுஷன் இவர். இந்த வாரம் அவராகவே சொன்னார்: "மாதவன ஒரு தடவ பாக்கச் சொல்லு. அவன் சரின்னா எனக்குச் சரி." இத்தனை வருஷத்தில் உன்னிடம் அவர் கேட்டது இது ஒன்றுதான். சீக்கிரம் பதில் போடு.

அக்கா,
பொற்கொடி


ஓசூர்
19-7-2003

அன்புள்ள அக்கா,

நலம். நீங்கள் எல்லாரும் நலம்தானே. கடையில் வேலை அதிகம், அதனால்தான் பதில் தாமதம். இங்கே தினமும் சாயங்காலம் தூறுகிறது, கரண்டும் போய்ப் போய் வருகிறது.

நீ அனுப்பிய விலாசத்தைப் பார்த்தேன். பக்கம் நன்றாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் மாமா அவசரப்பட வேண்டாம். ஓசூரிலேயே வெல்டருக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்வி, நானும் விசாரிக்கிறேன். நிலத்தில் இப்போது கை வைக்க வேண்டாம்.

பட்டா மாதிரி என்று எழுதியிருந்தாய். அப்படியே சொல்லிவிட முடியாது. நேரில் வரும்போது சொல்கிறேன்.

மாதவன்


பாரூர்
27-7-2003

தம்பிக்கு,

நாங்கள் சுகம். உன் கடிதம் சின்னதாக இருந்தாலும் வேலை முடிந்தது. "பக்கம் நன்றாகத்தான் இருக்கிறது" என்று நீ எழுதியதை மாமா செல்வம் கடைக்கே எடுத்துப்போய் நாலு பேர் நடுவில் சத்தமாகப் படித்தார். அந்த ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டார், மீதியைப் படிக்கவில்லை. வெப்சைட் செய்கிறவனே சொல்லிவிட்டான் என்று இன்னும் ஆறு பேர் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டார்கள். பின்தெரு நாராயணப்பனும் அதில் ஒருத்தர். அவர் பெண்டாட்டி சரசம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு தெலுங்கும் தமிழுமாக என்னென்னவோ சொன்னாள். உன்னைத்தான் வாழ்த்தினாள்.

நிலத்தை அடகு வைத்தாகிவிட்டது. செப்டம்பர் பதினாலு பயணம் என்கிறார்கள். நீ வேண்டாம் என்று எழுதியதை நான் எடுத்துச் சொன்னேன். "பொறந்த வீட்டு ஆளுங்க நான் நல்லாருந்தா எப்பப் பொறுத்தாங்க?" என்றார். 

செல்வம் கிருஷ்ணகிரியில் அந்தப் பக்கத்தைக் கலரில் பிரிண்ட் எடுத்து ஆளுக்கொன்று கொடுத்தான். சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். இதுவரை வந்து பார்த்தவர்கள் நாற்பத்தெட்டாயிரத்துச் சொச்சம் பேர் என்று கீழே போட்டிருக்கிறது. மேலே ஒரு கட்டிடத்தின் படம், நாலு மாடி, வரிசையாகக் கண்ணாடி ஜன்னல். மலேசியாவில் தலைமை ஆபீசாம், ஆட்கள் தங்குவதும் அங்கேதானாம்.

ஒரு சந்தேகம், சிரிக்காதே. வாசல் தூண் இரண்டிலும் குலை தள்ளிய வாழைமரம் கட்டியிருக்கிறது. மலேசியாவில் ஆபீஸ் வாசலிலும் வாழைமரம் கட்டுவார்களா?

அக்கா,
பொற்கொடி


பாரூர்
21-8-2003

மாதவா,

சுகம் விசாரிக்க மனசு இல்லை. நான் கடிதம் போட்டு இருபத்தைந்து நாள் ஆகிறது. உனக்கு உடம்பு சரியில்லையா என்று முதலில் பயந்தேன். கருப்பாயி மகன் ஓசூர் கம்பெனிக்குப் போய் வருகிறவன், உன்னை மெஸ் வாசலில் பார்த்ததாகச் சொன்னான். நன்றாகத்தான் இருக்கிறாயாம். அவனைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாயாம்.

நான் கேட்டது வாழைமரத்தைப் பற்றி. தெரியாது என்றால் தெரியாது என்று எழுதுகிறவன் நீ. சின்ன வயசில் மாங்காய் திருடிவிட்டு வந்தால் நீ பொய் சொல்ல மாட்டாய், பேசாமல் இருப்பாய். அதை வைத்துத்தான் அம்மா கண்டுபிடிப்பாள்.

தினமும் அடுப்பு மூட்டும்போது அந்தப் படம்தான் எதிரே நிற்கிறது. குலை வாழை கட்டினால் அந்த வீட்டில் கல்யாணம் என்று சத்யப்ரியாவுக்குக்கூடத் தெரியும். மாமாவிடம் காட்டினேன். பார்க்காமலே வெளியே போய்விட்டார்.

என்ன தெரியும் உனக்கு? எழுது.

பொற்கொடி


ஓசூர்
26-8-2003

அக்கா,

இந்தக் கடிதம் கிடைத்த உடனே மாமாவை நிறுத்து. காலில் விழுந்தாவது நிறுத்து. மற்ற ஆறு பேரையும் நிறுத்து.

அது மலேசியா இல்லை. ராயக்கோட்டை ரோட்டில் இருக்கிற கல்யாண மண்டபம். அந்த வெப்சைட்டைச் செய்தது நான்.

மாசி மாதம் பிரதாப் என்று ஒருத்தன் எங்கள் கடைக்கு வந்தான். ஓவர்சீஸ் கம்பெனிக்கு வெப்சைட் வேண்டும் என்றான். ஆபீஸ் போட்டோ கேட்டதற்கு, "அது அப்பறம் தரேன், இப்பத்திக்கு எதாச்சும் பெரிய பில்டிங்கு போட்டுவுடு" என்றான். முதலாளி கேமராவைக் கொடுத்து என்னை அனுப்பினார். அன்று காலையில் அங்கே முகூர்த்தம் முடிந்திருந்தது. மண்டபத்தின் பேர்ப் பலகையைக் கம்ப்யூட்டரில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து அழித்தேன். வாழைமரம் என் கண்ணில் படவே இல்லை. வாசலில் வாழைமரம் நிற்பதைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண், அது இருப்பதே தெரியவில்லை.

நாற்பத்தெட்டாயிரம் பேர் பார்த்ததும் பொய். எண்ணுகிற இடத்தில் நாற்பத்தெட்டாயிரம் என்று நானே போட்டு அதிலிருந்து எண்ண விட்டேன். மலேசியாவிலிருந்து நன்றி சொல்லி நாலு பேர் எழுதிய மாதிரி இருக்கிறதே, அதை மெஸ்ஸில் காத்திருந்தபோது நான்தான் எழுதினேன். எல்லாக் கடையிலும் இப்படித்தான் செய்கிறார்கள் என்று நினைத்தேன். படிக்கப் போவது யார் என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

உன் கடிதத்தின் பின்பக்கத்தில் சத்யப்ரியாவின் கையெழுத்தில் நான் செய்த அதே வெப்சைட்டின் விலாசம் இருந்தது. பிரதாப்பிடம் கேட்டேன். சிரித்தான். "உங்க மாமான்னு மொதல்லயே சொல்லக்கூடாதா, நல்ல ரூமா பாத்துத் தரேன்" என்றான். அதை நம்ப எனக்கு ஆசையாக இருந்தது, நம்பினேன். போன வாரம்தான் அந்தப் பக்கத்தில் இருக்கிற மலேசியா நம்பருக்குப் போன் போட்டுப் பார்த்தேன். அப்படி ஒரு நம்பரே இல்லை.

வெப்சைட் பற்றி எழுதியபோது முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன். விலாசம் கொடுக்கிறவன், சுவரில் என்ன எழுதப் போகிறாய், அது நிஜமா என்று யாரையும் கேட்பதில்லை. யார் வேண்டுமானாலும் வாங்கலாம், என்ன வேண்டுமானாலும் எழுதலாம். பட்டாவுக்கு ஒரு தாசில்தார் கையெழுத்துப் போடுவார். இதில் கையெழுத்துப் போட்டவன் நான்தான்.

ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறேன்.

மாதவன்


பாரூர்
30-8-2003

மாதவா,

உன் கடிதம் நேற்று மத்தியானம் வந்தது. மாமா முந்தாநாள் காலையிலேயே போய்விட்டார். விசா முன்னாலேயே வந்துவிட்டது என்று வேன் கொண்டுவந்து ஏழு பேரையும் சென்னைக்கு ஏற்றிப் போய்விட்டார்கள். நான்தான் திருநீறு பூசி அனுப்பினேன்.

சென்னையில் எந்த லாட்ஜில் தங்க வைத்திருக்கிறார்கள் என்று செல்வம் சொல்ல மாட்டேன் என்கிறான். நேற்று அவன் கடை வாசலில் நின்று கத்தினேன். ஷட்டரை இறக்கிவிட்டான்.

ஓசூரிலிருந்து இங்கே பஸ்ஸில் மூன்று மணி நேரம். நீ கிளம்பி வந்திருந்தால் செவ்வாய்க்கிழமையே வந்திருக்கலாம். மாமா வீட்டில் இருந்தார். கடிதம் எழுதினாயே தவிர என் மூஞ்சியில் முழிக்க உனக்குத் தைரியம் இல்லை. என் வயிறு எரிகிறது தம்பி. இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஆனால் திட்ட இப்போது நேரமில்லை. நான் சொல்வதைக் கவனி. மாமா போகும்போது சொன்னார், விமானத்தில் ஏறுகிறவர்கள் பேர் வெப்சைட்டில் வருமாம், தினமும் பக்கத்து பிரவுசிங் சென்டரில் போய்ப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்களாம். அப்படியானால் அவர்கள் தினமும் அந்தச் சுவரைத்தான் பார்க்கிறார்கள். எழுதவும் அழிக்கவும் ரகசியச் சொல் உன் நோட்டில் இருக்கிறது என்று நீதானே எழுதினாய்?

எங்கே இருக்கிறார் என்று தெரியாத மனுஷனுக்கு என்னால் தபால் போட முடியாது. உன்னால் முடியும். எழுது.

இதைத் தபாலில் போடவில்லை. கருப்பாயி மகன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

பொற்கொடி


ஓசூர்
3-9-2003

அக்கா,

கருப்பாயி மகன் ஞாயிற்றுக்கிழமை ஊரிலேயே தங்கிவிட்டு, திங்கள்கிழமை ஷிப்டு முடிந்துதான் உன் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தான். அன்று சாயங்காலமே எழுதிவிட்டேன்.

கம்ப்யூட்டரில் தமிழ் அடித்தால் வேறு இடத்தில் கட்டம் கட்டமாகத் தெரியும். அதனால் ஒரு வெள்ளைத் தாளில் பேனாவால் பெரிதாக எழுதி, அதையே படமாக எடுத்து முதல் பக்கம் முழுக்கப் போட்டேன். என் கையெழுத்து மாமாவுக்குத் தெரியும். "மாமா, இது மாதவன். இந்தக் கம்பெனி பொய். கீழே இருக்கிறது ஓசூர் கல்யாண மண்டபம். படத்தைத் திருத்தி ஏமாற்றியது நான். விமானம் ஏறாதீர்கள். ஏழு பேரும் ஊருக்குத் திரும்புங்கள். அக்கா காத்திருக்கிறாள்." இவ்வளவுதான் எழுதினேன். அடியில் மண்டபத்தின் பழைய படத்தைப் பேர்ப் பலகையோடு வைத்தேன். எண்ணுகிற இடத்தைப் பூஜ்யமாக்கினேன்.

மறுநாள் மத்தியானம் பிரதாப் இரண்டு பேரோடு கடைக்கு வந்தான். சட்டையைப் பிடித்தார்கள், அது கிழிந்ததோடு சரி. முதலாளி நோட்டைப் பிடுங்கிக்கொண்டு என்னை வெளியே போகச் சொன்னார். ஆனால் அந்த ஒரு வெப்சைட்டுக்கு மட்டும் ரகசியச் சொல்லை முன்னாலேயே மாற்றிவிட்டேன். அது நோட்டில் இல்லை, என் தலையில் இருக்கிறது. போலீஸ் ஸ்டேஷனில் மனுவும் கொடுத்திருக்கிறேன், நான் செய்ததையும் சேர்த்தே எழுதிக் கொடுத்தேன்.

மாமா பார்த்தாரா என்று தெரியவில்லை. வேறு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தைத் திறந்து திறந்து பார்க்கிறேன். இப்போது எண் முப்பத்தொன்றில் நிற்கிறது. அதில் இருபது தடவையாவது நான் திறந்ததாக இருக்கும். மீதிப் பேர் யார் என்று அது சொல்லாது.

நண்பன் ரூமில் இருக்கிறேன், விலாசம் கவர் மேலே எழுதியிருக்கிறேன். ஏதாவது தெரிந்தால் ஒரு வரி போடு.

மாதவன்


பாரூர்
11-9-2003

தம்பி மாதவனுக்கு,

அக்கா எழுதுவது. மாமா ஞாயிற்றுக்கிழமை வந்து சேர்ந்தார். உடம்புக்கு ஒன்றும் இல்லை, இளைத்திருக்கிறார். உன் உடம்பு எப்படி இருக்கிறது? அடி ஒன்றும் படவில்லையே?

பிரவுசிங் சென்டரில் பேர்ப் பட்டியலைத் தேடிப் போனபோது உன் கையெழுத்து வந்து நின்றதாம். மாமா சத்தமாகப் படித்தாராம், கூட இருந்தவர்கள் நம்பாமல் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னார்களாம். லாட்ஜுக்குப் போய்ப் பாஸ்போர்ட்டைக் கேட்டபோது அங்கே யாரும் இல்லை. பாஸ்போர்ட் இன்னும் திரும்பவில்லை, நிலமும் திரும்பவில்லை. செல்வம் கடை பூட்டிக் கிடக்கிறது. மாமா உன்னைப் பற்றி நல்லதும் சொல்லவில்லை, கெட்டதும் சொல்லவில்லை. ஆனால் நேற்று குழம்பில் உப்பு இல்லை என்று சொன்னார்.

திரும்பி வந்தவர்கள் ஆறு பேர்தான். நாராயணப்பன் வரவில்லை. அவரையும் வேறு ஊர்க்காரர்கள் நாலு பேரையும் ஆகஸ்டு கடைசி ஞாயிற்றுக்கிழமை ராத்திரியே விமானம் ஏற்றிவிட்டார்களாம். நீ எழுதியது திங்கள்கிழமை. எந்த நாட்டில் இறக்கினார்கள் என்றுகூட யாருக்கும் தெரியவில்லை. மாமாவும் மற்றவர்களும் கிருஷ்ணகிரிக்குப் போய் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

மற்றவர்கள் ஏமாந்து திரும்பியது சரசம்மாவுக்குத் தெரியும். ஆனால் தன் வீட்டுக்காரருக்கு மட்டும் அதிர்ஷ்டம், அவர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. தினமும் பால் ஊற்றிவிட்டு நேரே இங்கே வருகிறாள். மடியிலிருந்து அந்தக் கலர் பிரிண்டை எடுத்து மடிப்புப் பிரித்துத் தரையில் விரிக்கிறாள். நேற்று வந்து கேட்டாள்: "பொற்கொடி, உன் தம்பிக்கு எழுதறப்ப கேளு. இதுல எந்த ஜன்னலு எங்க ஆளு ரூமு?"

நான் அந்தப் படத்தை மடித்து அவள் கையில் கொடுத்தேன். மாமா எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

இதற்கு நீ பதில் எழுதாதே. ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் வா. வெப்சைட் என்றால் என்னவென்று எனக்குச் சொன்னாய், அவளுக்கும் நீயே உட்கார்ந்து சொல். அந்த ஜன்னல்களையும் நீயே காட்டு. நான் பக்கத்தில் இருக்கிறேன்.

அக்கா,
பொற்கொடி